கறுப்பின் மேல் ஏறும் மஞ்சள்

ஃபெராரி எஃப்40 காரை எட்ட நின்று பார்த்தால் சிவப்பு மட்டும்தான் தெரியும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கதவருகே குனிந்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் கார்பன் கலந்த துணியின் நெசவு மங்கலாகத் தென்படும். எடை கூடக் கூடாது என்பதற்காக அந்தக் காருக்குப் பெயிண்டை அவ்வளவு மெலிசாக அடித்தார்கள். 1987 முதல் 1992 வரை ஃபெராரி செய்த எஃப்40 கார்கள் 1,300-க்குச் சற்று மேல். பிற்பாடு யாராவது கெட்டியாக மறுபெயிண்ட் அடித்திருந்தால் நெசவு மறைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் முதலில் அதைத் தேடுகிறார்கள்.

பெயிண்டே இல்லாமல் நெசவை அப்படியே காட்டும் கார்கள் பிறகு வந்தன. அவற்றில்தான் அந்தப் பேச்சு எழுகிறது: “கார்பன் நிறம் மாறிவிட்டது.”

கார்பன் மாறுவதில்லை. கார்பன் ஃபைபர் பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற வெள்ளை இழையிலிருந்து பிறக்கிறது. 200 முதல் 300 டிகிரி சூட்டில், காற்றில் வைத்து வாட்டும்போது அந்த இழை மஞ்சளாகிறது, பழுப்பாகிறது, கறுக்கிறது. அதன்பின் ஆக்ஸிஜன் படாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கரியே மிஞ்சுகிறது. மாற வேண்டிய நிறங்களையெல்லாம் உலையிலேயே மாறி முடித்துவிட்டு வந்த இழை அது. வெயில் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நிறமும் பாக்கியில்லை.

மாறுவது அதைப் பிடித்து வைத்திருக்கும் எபாக்ஸி பிசின். புற ஊதாக் கதிரை அது விழுங்குகிறது, ஆக்ஸிஜன் சேர்கிறது, நீல ஒளியை உறிஞ்சும் புதிய மூலக்கூறுகள் உருவாகின்றன. நீலம் போனபின் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள். கறுப்பின் மேல் மஞ்சள் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கார்பன் துணி தட்டையான கறுப்பு கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் காணும் ட்வில் நெசவில் பாவும் ஊடையும் இரண்டிரண்டாகத் தாண்டிப் போவதால் சாய்கோடுகள் விழுகின்றன, ஜீன்ஸ் துணியில் போல. ஓர் இழைக்கற்றையில் வழக்கமாக 3,000 இழைகள். ஒவ்வோர் இழையும் சுமார் 7 மைக்ரான் தடிமன். பார்ப்பவர் ஓர் அடி நகர்ந்தால் பாவு மினுங்கி ஊடை இருளும். இன்னோர் அடி நகர்ந்தால் ஊடை மினுங்கும். அந்த மினுக்கம் வெள்ளி நிறம். பிசின் மஞ்சளிக்கும்போது வெள்ளி பித்தளையாகிறது. கறுப்பு கறுப்பாகவே இருக்க, மினுக்கம் மட்டும் முதுமை அடைகிறது. இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் பழைய கார்பனைக் கழித்துப் பேச மாட்டார்கள்.

பிசினைக் காப்பது கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு. வழக்கமாக 50 மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும், தலைமுடியை விட மெல்லியது. அதில் கலந்திருக்கும் புற ஊதாத் தடுப்பு தானே தேய்ந்துகொண்டு அடியில் உள்ளதைக் காக்கிறது. அது ஓய்ந்தபின் பூச்சில் நுண்விரிசல் விழும், ஈரம் இறங்கும், பால் சிந்தியதுபோல் வெண்மை படரும். அலுமினிய ரிவெட்டைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பினால் காரணம் வேறு: ஈரம் சேரும்போது கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரிக்கத் தொடங்குகிறது. மஞ்சளை வயது என்று ஏற்கலாம். வெண்மையும் கொப்புளமும் நோய். பார்த்ததும் வைத்தியம் செய்தாக வேண்டும்.

கார்பனில் கார் செய்யும் கலையை நெசவாளியின் கண்ணோடு அணுகியவர் ஹொராசியோ பகானி. லம்போர்கினியில் வேலை பார்த்தபோது, கார்பனை அழுத்தத்தில் சுட்டெடுக்கும் ஆட்டோகிளேவ் வாங்கச் சொல்லிக் கேட்டார், நிறுவனம் மறுத்தது. கடன் வாங்கித் தானே ஒன்றை வாங்கினார். 1999-இல் ஜெனீவாவில் அவருடைய சோண்டா கார் வந்தது. பகானி கார்களின் பானெட் நடுக்கோட்டில் இரு பக்கச் சாய்கோடுகளும் மீன்முள்போலப் பிசகாமல் சந்திக்கும். பட்டுப்புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தைப் பார்ப்பதுபோல நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். பாகங்களைப் பூட்டும் போல்ட்டுகள் டைட்டானியம். கார்பனைத் தொட்டாலும் அது அரிக்காது.

ஸ்வீடனின் கோனிக்செக் நிறுவனம் வேறு வழியில் போயிற்று. சில கார்களில் மேலே நிற்கும் பிசின் படலத்தைக் கையாலேயே தேய்த்தெடுத்து, மேல்பூச்சு ஏதுமின்றி நெசவை வெளியே விடுகிறார்கள். மஞ்சளிக்க அங்கே மேல்படலமே இல்லை. எனக்குப் பிடித்த துணிச்சல் அது.

அந்தத் தேய்ப்பு எல்லோர் கைக்கும் வருவதில்லை. பழுப்பேறிய பழைய கார்பனைப் புதிதாக்கிக் காட்டும் ஆசையில் உப்புத்தாளை ஓர் அழுத்து கூடுதலாக அழுத்தினால் இழையே அறுந்துவிடும். அறுந்த இடத்தில் மினுக்கம் போய் மொட்டைக் கறுப்பாகத் திட்டு விழும். மேலே எத்தனை முறை கிளியர் கோட் அடித்தாலும் அது போகாது. சீரான, தெளிவான மஞ்சளை எடுக்கவே கூடாது என்பது என் தீர்ப்பு. பூச்சு வெளுத்தாலோ கொப்புளித்தாலோ உரிந்தாலோ மட்டும் புதுப்பிக்கலாம்.

பழைய கார்பன் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகலில் போங்கள். பின் இறக்கையின் மேற்பரப்பைப் பார்த்துவிட்டு அதன் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். வெயில் அதிகம் படாத அந்த இடத்தில் பழைய வெள்ளி மினுக்கம் இன்னும் இருக்கும்.