உறுதியும் உறுதியான எழுத்தும்
இளம் சட்டத்தரணிகளின் வாசிப்பும் வரைவும் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

எம்மவர் மத்தியில் கவிதைக்கு விமர்சனம் உண்டு, சிறுகதைக்கு உண்டு, நாவலுக்கும் உண்டு. ஆனால் நிந்தவூரில் வீட்டுக்கு வீடு அலுமாரிக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் ஓர் எழுத்தை எவரும் விமர்சனத்துக்கு எடுத்ததை நான் கண்டதில்லை. காணி உறுதியைத்தான் சொல்கிறேன். ஒரு நாவல் பிழைத்துப்போனால் வாசகனுக்கு நாலு மணி நேரம் நட்டம். ஓர் உறுதி பிழைத்துப்போனால் ஒரு குடும்பம் பதினைந்து வருடம் கல்முனைக்கு பஸ் ஏறவேண்டும்.

கல்முனை நீதிமன்றங்களில் தொழில் செய்பவன் என்ற வகையில் இளம் சட்டத்தரணிகளின் வரைவுகள் பல என் மேசைக்கு வருகின்றன. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். பரீட்சையில் நல்ல சித்தி, பேச்சில் நல்ல தைரியம். குறை இருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, தேடுவதைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்கள். மற்றது, தேடியதை யாருக்கும் விளங்காத தமிழில் எழுதுகிறார்கள். இவை இரண்டு குறைகள் போலத் தெரிந்தாலும் ஒன்றுதான் என்பது என் கட்சி. முழுதாக வாசிக்காதவனால் தெளிவாக எழுத முடியாது.

எங்கள் கரையோரத்தின் வழமையிலிருந்தே உதாரணம் எடுப்போம். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். சரியா பிழையா என்பது வேறு விவாதம். நடப்பது இதுதான்: வாப்பா கடலுக்கோ வயலுக்கோ வெளிநாட்டுக்கோ போய் உழைத்த காசில் வீட்டைக் கட்டி, மகளின் பெயருக்கு நன்கொடை உறுதி முடிக்கிறார். அந்த உறுதியை ஆளும் சட்டம் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம்களின் வெறுவழியுரிமைக் கட்டளைச் சட்டம். அதைப் பற்றி ஒரு கனிஷ்டரிடம் கேட்டேன்.

“மகன், மூணாம் பிரிவை வாசிச்சீங்களா?”

“ஓம் சேர். முஸ்லிம்ட நன்கொடைக்கு, குடுக்கிறவர்ட மத்ஹப் சட்டம்தான் பொருந்தும் எண்டு இரிக்கி.”

“அதுக்குப் புறகு என்ன இரிக்கி?”

பதில் இல்லை. அதற்குப் பிறகு இருப்பதில்தான் மகளின் வீடு இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு ஒரு புறநடை வாசகம் உண்டு. மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே சொல்லப்பட்டிருந்தாலன்றி, எந்த நன்கொடை உறுதியும் மீளப்பெற முடியாததாகக் கருதப்படமாட்டாது என்பது அதன் கருத்து. உறுதியை மகளின் கையில் ஒப்படைப்பதே ஆதனத்தின் உடைமையை ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்கப்படும் என்பதும் அதே வாசகத்தில்தான் வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில், பெற்றார் பிள்ளைக்குக் கொடுத்ததை நிபந்தனைகளுடன் திரும்பப் பெறலாம். ஆகவே அந்த ஒரு சொற்றொடர் விடுபட்டால், மருமகனோடு மனஸ்தாபம் வந்த ஒரு நாளில் வாப்பா அந்த உறுதியை ரத்துச் செய்ய வழி திறந்திருக்கிறது. வங்கிக்காரனும் அந்த உறுதியைப் பிணையாக ஏற்கத் தயங்குவான்.

புறநடை வாசகத்தோடும் வேலை முடியவில்லை. 3ஆம் பிரிவு முஸ்லிம் சட்டத்திடம் ஒப்படைப்பது பிடெய்கொமிசம், அனுபவ உரித்து, நம்பிக்கைப் பொறுப்பு ஆகியவை கலக்காத நன்கொடைகளை மட்டுமே. எங்கள் ஊர் உறுதிகளில் வாப்பாவும் உம்மாவும் தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவது சர்வசாதாரணம். அந்த ஒரு வரி சேர்ந்தவுடன், எந்தச் சட்டம் ஆளும் என்ற கேள்வி முளைக்கிறது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. மீளப்பெற முடியாத நன்கொடையைப் பெரும் நன்றிகேட்டின் பேரில் ரத்துச் செய்வது பற்றிய சட்டம் அது. பழைய படிவத்தைப் பார்த்துப் பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றுகிறவனுக்கு இந்தக் கேள்விகள் எவையும் எழா. படிவம் பிழையான பொருளல்ல. ஒவ்வொரு வரியும் எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பாவிப்பதுதான் பிழை.

இனி தீர்ப்புகளைத் தேடும் விடயம். ஹதீஸ் கலை படித்த எமது மௌலவிமாருக்கு இதை இலகுவாக விளக்கலாம். ஒரு செய்தி கிடைத்தவுடன் அவர்கள் ஸனதைக் கேட்பார்கள்: யார் சொன்னது, யாரிடமிருந்து, இடையில் யாராவது விடுபட்டார்களா? சட்டத்தரணிக்கும் அந்தக் குணம் வேண்டும். ஆனால் அவன் சங்கிலியை முன்னோக்கியும் இழுத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

இதற்கு எமது சமூகத்தைத் தொடும் உதாரணமே உண்டு. ரீட் என்ற கிறிஸ்தவர், முதல் மனைவி உயிரோடிருக்க, இஸ்லாத்துக்கு மாறி முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இன்னொரு பெண்ணை மணந்தார். தண்டனைச் சட்டக்கோவையின் 362ஆ பிரிவின் கீழ் இருதார மணக் குற்றச்சாட்டு வந்தது. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சட்டமா அதிபரின் மேன்முறையீட்டை 1965இல் பிரிவி கவுன்சிலும் தள்ளுபடி செய்தது. நியூ லோ ரிப்போர்ட்ஸ் 65ஆம், 67ஆம் தொகுதிகளில் இரண்டு தீர்ப்பும் கம்பீரமாக அச்சேறிக் கிடக்கின்றன. பிரிவி கவுன்சிலே சொல்லிவிட்டது என்று அதோடு புத்தகத்தை மூடுகிறவன் கதை முடிந்தது. ஏனென்றால் அபேசுந்தர எதிர் அபேசுந்தர வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை மாற்றிவிட்டது. முந்திய ஒருதார மணம் நிலைத்திருக்க, மதம் மாறுவதால் மட்டும் ஒருவர் அந்தக் கடப்பாட்டிலிருந்து கழன்றுவிட முடியாது என்பதே இன்றைய சட்டம். 1998ஆம் ஆண்டின் ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ் முதல் தொகுதி, 185ஆம் பக்கம். ரீட் தீர்ப்பை மட்டும் நம்பி ஒருவருக்கு ஆலோசனை சொன்னால், சொன்னவர் வீட்டில் இருப்பார், கேட்டவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.

தலைக்குறிப்பை மட்டும் வாசிப்பதும் இந்த இனம்தான். தலைக்குறிப்பு நீதியரசர் எழுதியதல்ல, தொகுப்பாசிரியர் எழுதியது. தீர்ப்பை முதல் வரியிலிருந்து வாசித்து, எந்தச் சம்பவங்களின் மேல் அது நிற்கிறது, எது முடிவுக்கு அவசியமான காரணம், எது போகிறபோக்கில் சொன்ன பேச்சு என்று பென்சிலால் பிரிக்கப் பழக வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

குறுக்கு வழி தேடியவர்களின் கதை உலகத்துக்கே தெரியும். 2023இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றத்தில், மாட்டா எதிர் அவியாங்கா என்ற வழக்கில், சட்டத்தரணிகள் சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பெற்ற தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படி வழக்குகளே நடந்திருக்கவில்லை. பெயர், இலக்கம் எல்லாம் இயந்திரம் கற்பனை பண்ணியவை. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். எமது பிள்ளைகளின் கைபேசியிலும் அதே இயந்திரம் இருக்கிறது. பாவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தரும் ஒவ்வொரு பெயரையும் தொகுதியிலோ நீதிமன்ற இணையத்தளத்திலோ கண்ணால் காணும்வரை ஒரு வரியும் எழுத வேண்டாம் என்கிறேன். ஸனத் இல்லாத செய்தியை எமது முன்னோர் எப்படி வைத்தார்களோ அப்படியே வைக்கட்டும்.

இனி எழுத்து. பிளேன்ட் என்று நாங்கள் சொல்லும் வழக்குரை எப்படி இருக்க வேண்டும் என்பதை 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 40ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. வழக்குக் காரணத்தை எளிமையாக, சுருக்கமாக, இலக்கமிட்ட பந்திகளில், எங்கே எப்போது நேர்ந்தது என்பதோடு எழுத வேண்டும். எளிமை என்பது நவீன காலத்துச் சலுகை அல்ல, நூற்று முப்பது வருடத்துக்கு மேலான சட்டக் கட்டளை. ஆனால் நாம் எழுதுவதைப் பாருங்கள். ஒரு மாதிரிக்காக நானே கட்டிய வசனம் இது:

“மேற்சொல்லப்பட்ட வழக்காளியானவர் மேற்சொல்லப்பட்ட ஆதனத்தின் மீதான தனது உரித்தினையும் உடைமையினையும் அனுபவிப்பதிலிருந்து மேற்சொல்லப்பட்ட எதிராளியினால் சட்டமுரணாகத் தடுக்கப்பட்டவராகக் காணப்படுகின்றார்.”

இதில் என்ன நடந்தது என்று யாருக்காவது விளங்குகிறதா? இப்படி எழுதினால் என்ன:

“2019 மார்ச் 4ஆம் திகதி எதிராளி வடக்கு வேலியைப் பிடுங்கி, வழக்காளியின் வளவுக்குள் ஆறு அடி தள்ளிப் புதிய வேலி போட்டார். அன்று முதல் அந்தத் துண்டு எதிராளியின் கையில் இருக்கிறது.”

இரண்டாவதில் சம்பவம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, திகதி இருக்கிறது. திகதி அலங்காரமல்ல. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருட எதிரிடை ஆட்சி உரித்தைக் கொடுத்துவிடும். ஆகவே வேலி நகர்ந்த நாள்தான் வழக்கின் நாடி. முதல் வசனம் எழுதியவருக்கு அந்தத் திகதி தெரியாது என்றே நான் சந்தேகப்படுவேன். மூடுமந்திரமான தமிழ் பல வேளைகளில் தேடாத உண்மைக்குப் போட்ட போர்வை.

எல்லைகளும் அப்படித்தான். கிழக்கே இன்னாரின் வளவு, மேற்கே இன்னாரின் வளவு என்று எழுதிய பழைய உறுதியை அப்படியே பிரதி பண்ணுகிறோம். அந்த இன்னார் மௌத்தாகி நாற்பது வருடம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வேலியையும் கிணற்றையும் வழித்துக்கொண்டு போன எங்கள் கரையில், இறந்தவர்களின் பெயரால் எல்லை சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதை நான் விளக்கத் தேவையில்லை. நில அளவை வரைபடத்தைத் தேடி எடுத்து அதன் இலக்கத்தை எழுதுவதும் ஆய்வுதான்.

மூத்தவர்கள் சிலர் இதற்கு ஆட்சேபம் சொல்வார்கள். “தம்பி, அந்தப் பழைய வார்த்தைக்கெல்லாம் கோட்டுல அர்த்தம் இரிக்கி. மாத்தினா ஆபத்து.” பாதி நியாயம். மீளப்பெற முடியாத, சீவிய உரித்து, பிரிபடாத பங்கு போன்ற சொற்களில் கை வைக்கக் கூடாது. அவற்றுக்குப் பின்னால் தீர்ப்புகள் நிற்கின்றன. ஆனால் மூன்று மேற்சொல்லப்பட்டவைகளுக்குப் பின்னால் எந்தத் தீர்ப்பும் இல்லை. எலும்பை விட்டுவிட்டுக் கொழுப்பை வெட்டுவதே திருத்தம்.

இங்கே மொழிப் பிரச்சினையை மறைக்க முடியாது. 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. தமிழில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு அது வெற்றி, மறுப்பில்லை. ஆனால் அந்த வெற்றி பாதி வேலையை மட்டுமே செய்திருக்கிறது. சட்ட அறிக்கைத் தொகுதிகள் ஆங்கிலத்தில். எங்கள் நீதிமன்றத்தில் வழக்கு தமிழில். எனவே நிந்தவூர் சட்டத்தரணி ஆங்கிலத்தில் தேடித் தமிழில் எழுத வேண்டியவன். ஆங்கிலம் வராதவனுக்குத் தேடல் முடங்கும். தமிழ் வராதவனுக்கு ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டுக்குத் தமிழ்ச் சட்டை போட்ட மாதிரி எழுத்து வரும். இரண்டையும் கற்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தமிழுக்கு முன்மாதிரி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை தொழிலால் சட்டத்தரணி. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ நடத்தினார், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். பொதுமகனிடம் பேசத் தெரிந்த சட்டத்தரணி அவர். எங்கள் மண்ணின் பெண்கள் பாடிய கவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வரிக்குள் ஆள், இடம், குற்றம், வேண்டுதல் நாலும் வந்துவிடும். நல்ல வழக்குரைக்கு வேண்டியதும் அந்த நாலுதான்.

இந்தத் திறமை மிக அவசரமாக வேண்டியிருப்பது காதி வழக்குகளில். காதியின் முன் சட்டத்தரணிகள் தோன்றுவதற்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இடம் வைக்கவில்லை. தாபரிப்புக் கேட்டுப் போன பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். மேன்முறையீடு என்று காதிகள் சபைக்கும் அதற்கு மேலும் போகும்போது மிஞ்சுவது தாளில் பதிந்தது மட்டும். அந்தப் பதிவேட்டை வரி வரியாக வாசித்து, அவள் சொன்னது எது, பதியாமல் விடப்பட்டது எது, தீர்மானத்துக்குக் காரணம் சொல்லப்பட்டதா என்று எழுதிக் காட்டுவது ஒரு சட்டத்தரணியின் ஆய்வுத் திறனுக்கும் எழுத்துத் திறனுக்கும் ஒரே நேரத்தில் வைக்கப்படும் பரீட்சை.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகறா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்டது என்பதை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்று அதில் வரும் நிபந்தனையை அவ்வளவாகப் பேசுவதில்லை. விளங்காமல் எழுதுவதும் நீதிக்குக் குறைதான்.

ஆகவே இளையவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. வாரத்துக்கு ஒரு தீர்ப்பை முழுதாக வாசித்து, ஒரு பக்கத் தமிழில் எழுதுங்கள்: சம்பவம், கேள்வி, முடிவு, காரணம், பின்னால் அதற்கு நேர்ந்தது. வருடத்தில் ஐம்பது பக்கம் சேரும். இப்படியான காலாண்டிதழ்கள் அவற்றில் நல்லதைப் பிரசுரிக்கலாம். கவிதைக்கு இடம் இருக்கிறது என்றால் இதற்கும் இடம் இருக்கட்டும். உறுதி எழுதினால், கையொப்பத்துக்கு முன் அந்த உம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். “வெளங்கினயா உம்மா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். “இதுல என்ன எழுதி இரிக்கி எண்டு நீங்க செல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் கையொப்பம் வைக்கலாம். சொல்லாவிட்டால் திருத்த வேண்டியது அவரையல்ல, உங்கள் வரைவை.