இறக்கத்தில் தெரியும் வாத்தியார்

லாரி ஓட்டுவதை ஒரு கலையாக ரசிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் நிற்கிறார்கள். நாற்கரச் சாலையில் வரிசையாக முந்திப் போகிற வண்டியையும், மண்டிச் சந்துக்குள் இருபக்கமும் ஒரு சாண் விட்டு ரிவர்ஸ் எடுக்கிற லாவகத்தையும் பார்த்து வாய்பிளக்கிறார்கள். அதுவும் திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தொழில் முற்றிய கையைப் பார்க்க வேண்டுமானால் இறக்கத்துக்குப் போக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில் லோடு வண்டிகளைக் கவனித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். சில வண்டிகளின் பிரேக் விளக்கு நொடிக்கொரு தரம் எரிந்து அணைந்துகொண்டே இருக்கும். வேறு சில வண்டிகள், சாலை இன்னும் சமமாக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரைக் கீழே கொண்டுவந்து, எஞ்சின் முனக முனக ஒரே சீராக இறங்கிப் போகும். இந்த இரண்டாவது வகையில் பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காது. அப்படி ஒன்றும் நடக்காதபடி செய்ய வேண்டியதையெல்லாம் அந்த டிரைவர் அரை கிலோமீட்டர் முன்பே செய்து முடித்திருப்பார். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிற பையன் தனக்கொரு வாத்தியாரைத் தேடும்போது இந்தக் குணத்தைத்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி. முன்கூட்டியே தெரிந்திருப்பது மட்டும் போதாது, தெரிந்ததை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் இந்தத் தொழிலுக்குள் வருகிற வழி பல தலைமுறைகளாக ஒன்றுதான்: கிளீனராக ஏறி, டிரைவராக இறங்குவது. கண்ணாடி துடைத்து, தார்ப்பாய் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுத்து வந்த பையனுக்கு, கடைசியில் ஆளரவமற்ற நேரத்தில் ஒரு நேர்சாலையில் "உக்காரு தம்பி, ஓட்டிப் பாரு" என்று டிரைவர் அண்ணன் இடம் விட்டுக் கொடுப்பார். சட்டத்தின் வழி வேறு. சரக்கு வண்டி ஓட்டுவதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும்; இலகு ரக வண்டி உரிமம் வாங்கி ஓராண்டு ஆன பிறகே கனரகத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும்; பழகும்போது உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இங்கே ஒரு நுட்பமான நிபந்தனை வைக்கின்றன. அந்த ஆள், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளி வண்டியில் அவர் காலடியில் தனி பிரேக் இருக்கும். லோடு ஏற்றி லைனில் ஓடுகிற வண்டியில் இடப்பக்க இருக்கையில் என்ன இருக்கிறது? பிரேக் இல்லை, கிளட்ச் இல்லை; ஸ்டியரிங் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவரின் கையில் உள்ள ஒரே பிரேக் அவருடைய வாய்தான். அந்த பிரேக் நடந்த பிறகு பிடிக்காது, முன்னாலேயே போட்டால்தான் பிடிக்கும்.

இறக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2 அச்சு லாரி ஒன்று வண்டியும் லோடும் சேர்த்துச் சட்டப்படி இருக்கலாம் என்ற மொத்த எடை 2018-ல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. அத்தனை எடை கீழே உருளும்போது பிறக்கிற வேகத்தை யாராவது விழுங்கியாக வேண்டும். கியரில் இருந்தால் எஞ்சின் ஒரு பங்கை விழுங்குகிறது. நியூட்ரலில் போட்டுவிட்டால் முழுப்பங்கும் பிரேக் டிரம்முக்குப் போகிறது. டிரம் காய்ந்து விரிகிறது, லைனர் பிடிமானம் இழக்கிறது, மிதி வழக்கம்போல இறங்கினாலும் வண்டி நிற்பதில்லை. பயந்துபோய் விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கான டேங்கில் இருக்கிற காற்றும் குறைந்துகொண்டே வருகிறது. தொப்பூரில் நடந்த பல விபத்துகளுக்கு டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கியதே காரணமாகச் சொல்லப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சினில், ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாமல் கியரில் இறங்கினால் டீசல் பாய்ச்சலே நின்றுவிடும்; நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் குடிக்கும். ஆக உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதாக நினைத்தது செலவுக் கணக்கில்தான் சேருகிறது. வாத்தியாரைத் தேடுகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதனால் எளிது: "இறக்கத்துல நியூட்ரல் போடலாமாண்ணே?" சிரித்துக்கொண்டே "வேலை தெரிஞ்சா போடலாம்" என்பவர் எத்தனை மாநிலம் சுற்றியவராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு விலக வேண்டியவர். "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்ல எறங்கு, புது வண்டின்னா அதுக்கும் ஒண்ணு கீழ" என்று சொல்பவரிடம் மேலே பேசலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மிகச் சிறந்த டிரைவர்கள் பலர் பேச மாட்டார்கள். அவர்களுடைய அறிவு கையிலும் காலிலும் இருக்கிறது. கிளட்ச் பிடிக்கிற இடம், எஞ்சின் சத்தம் மாறுகிற நொடி, காலியான வண்டியின் பின்பக்கம் மழையில் லேசாகத் துள்ளுவது, இதையெல்லாம் சொல்லில் பிடிக்கச் சொன்னால் தடுமாறிப் போவார்கள். உண்மைதான். அவர்களோடு கிளீனராகப் போகலாம், பார்த்துப் பார்த்துப் பழகலாம். அது பெரும் பேறு. ஆனால் ஸ்டியரிங் கைமாறிய பிறகு இடப்பக்கம் இருக்கும் மௌனம் ஆபத்தானது. அதோடு, நான் கேட்பது விரிவுரையும் அல்ல. நல்ல வாத்தியாரின் பேச்சு இரண்டு மூன்று சொல்லுக்குள் முடிந்துவிடும். "காத்து பாரு." "மூணுக்கு வா." "பஸ் மறைவுல ஆள் இருக்கும்." திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "உள்பக்கக் கண்ணாடி" என்று ஒரு சொல் போதும், முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்ற பாடம் முழுக்க அதற்குள் அடக்கம். எந்தக் கணத்தில் சொல்ல வேண்டும் என்ற தாளம்தான் இங்கே கலை. பத்து நொடி முன்னால் சொன்னால் பையன் மறந்துவிடுவான், இரண்டு நொடி பின்னால் சொன்னால் பதறிவிடுவான்.

திட்டியும் அடித்தும் பழக்கிய அந்தக் காலத்து வாத்தியார்களிடமிருந்துதான் பெரிய டிரைவர்கள் வந்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. வந்தார்கள். ஆனால் அந்தச் சாட்சி, தாக்குப்பிடித்து நின்றவர்களின் சாட்சி. பாதியில் ஊருக்கு பஸ் ஏறியவர்களும், அடிபட்டுப் போனவர்களும் சாட்சி சொல்ல வருவதில்லை. திட்டு எப்போதும் தவறுக்குப் பின்னால் வருவது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, திட்டுக்குப் பயந்தவன் சாலையைப் பார்க்கிற நேரத்தில் அண்ணன் முகத்தைப் பார்ப்பான், உரசியதை மறைப்பான், கண் சொருகினாலும் வாய் திறக்க மாட்டான். தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்த்த இடத்துக்கு அது பொருந்தவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளிகளிடம் அந்த அரை மணி நேரத்தைத் தருவதும் மறுப்பதும் பக்கத்தில் இருக்கும் அண்ணன்தான். "தூக்கம் வருதுண்ணே" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிகிற ஆளாக அவர் இருக்க வேண்டும்.

பயிற்சிப் பள்ளி வந்துவிட்டதே, இனி அண்ணன் எதற்கு என்று கேட்கலாம். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம் 1990-களிலிருந்தே இயங்குகிறது. 2021-ல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதி, கனரக வண்டிக்கு 6 வாரத்தில் 38 மணி நேரப் பாடம் என்று வகுத்தது. இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடிப்படையைப் பயமில்லாமல் கற்க இவற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பள்ளி வண்டிக்கு லோடு கிடையாது, லோடுதான் வண்டியின் குணம். ஓர் அட்டையில் 30 முட்டை என்று அடுக்கடுக்காக ஏற்றிய வண்டியில் வேகத்தடைக்கு முன்னால் எடுக்கிற முடிவு வேறு. கருங்கல் பாளம் தாழ்வாக அழுத்திக்கொண்டு வரும், வளைவில் தைரியம் தரும், இறக்கத்தில் அந்தத் தைரியத்தைப் பறித்துக்கொள்ளும். பஞ்சு மூட்டையோ எடை குறைவாக, உயரமாக நிற்கும். வண்டி காற்றுக்கும் சாயும், வளைவுக்கும் சாயும். எல்லாவற்றிலும் வஞ்சகமானது கேஸ் டேங்கர். சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் அதை முழுக்க நிரப்ப முடியாது. ஆகவே பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகும் உள்ளே திரவம் முன்னால் ஓடி வந்து ஒரு தள்ளு தள்ளும். முதல் முறை அந்தத் தள்ளலை உணர்கிறவன் பிரேக் போய்விட்டதென்றே நினைப்பான். "இப்ப ஒரு தள்ளு தள்ளும், காலை எடுக்காத" என்று ஒரு குரல் முன்பே சொல்லியிருந்தால் அது பாடம். சொல்லாவிட்டால் அதிர்ச்சிதான். புதுக் கருவிகளின் கதையும் இதேதான். 2015-க்குப் பிறகு கனரக வண்டிகளுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும்; காய்ந்த டிரம்மை அது குளிர வைக்காது.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. கிளீனர் பையனுக்கு வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கும் வசதி எங்கே இருக்கிறது? முதலாளி ஏற்றிவிட்ட வண்டியில் போகிறான், அந்த வண்டியின் டிரைவர்தான் அவனுக்கு வாத்தியார். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை, பாதி விடை உண்டு. லோடு ஏற்றக் காத்திருக்கிற நேரத்தில் பல வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, டிரைவர்களைப் பார்க்க அதுவே நல்ல இடம். கிளம்பும் முன் ராடு எடுத்து டயர்களைத் தட்டுகிறவர் யார், கண்ணுக்குத் தெரியாத உள் டயரையும் தட்டி அந்த மொத்தைச் சத்தத்தைக் கிளீனரைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கிறவர் யார், காற்று டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுகிறவர் யார் என்று கவனிக்கலாம். நிற்கும் வண்டியிலேயே முன்கூட்டிப் பேசுகிறவர் ஓடும் வண்டியிலும் பேசுவார். அடுத்த ட்ரிப்புக்கு அவர் வண்டியில் ஏற்றிவிடும்படி முதலாளியிடம் கேட்பதில் தப்பில்லை.

மறுபாதி விடை முதலாளி கையில். பழகுகிறவன் ஓட்டினால் மைலேஜ் குறையும், நேரம் தப்பும், கிளட்ச் தேயும். அந்த நஷ்டம் இப்போது அண்ணன் தலையில் விழுகிறது. மைலேஜ் குறைந்தால் டிரைவரிடம் கணக்குக் கேட்கிற வழக்கம் இருக்கும்வரை, ஸ்டியரிங்கை விட்டுக் கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து? பழக்குகிற ட்ரிப்புக்கு டீசல் கணக்கைத் தளர்த்தி, ஒரு நாள் பேட்டா கூடப் போட்டுக் கொடுத்தால் பழக்க முன்வரும் கைகள் கூடும். டிரைவர் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு, ஒரு டிரம் லைனர் மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டாலும் இது பெரிய தொகை இல்லை.