நீலக் களிமண்ணில் நழுவிய கால்கள்

2012 மாட்ரிட் ஓபன் பற்றிப் பேச்சு வந்தால் இன்னிக்கும் ஒரே பதில்தான்: "தோத்தவங்க தரையைக் குறை சொன்னாங்க." நானும் அப்போ அப்படித்தான் நெனச்சேன். சமீபத்தில் நடால்–வெர்டாஸ்கோ ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தபோது பந்தை விட்டுட்டுக் கால்களை மட்டும் கவனிச்சேன். கருத்தை மாத்திக்க வேண்டியதாப் போச்சு.

தெரியாதவர்களுக்கு: அந்த ஒரு வருஷம் மட்டும் மாட்ரிட்டில் களிமண் தரைக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். மஞ்சள் பந்து டிவியில் நல்லாத் தெரியும் என்பது போட்டியின் உரிமையாளர் இயோன் டிரியாக்கின் வாதம். (தெரிஞ்சுதுதான், அழகாவே இருந்தது.) அதுவரை வெர்டாஸ்கோவுடன் ஆடிய 13 ஆட்டத்திலும் ஜெயிச்ச நடால், மூணாவது செட்டில் 5-2 முன்னிலையிலிருந்து தோற்றார். ஜோகோவிச் காலிறுதியில் டிப்சரேவிச்சிடம் வெளியேறினார். இதே தரை இருந்தால் அடுத்த வருஷம் வரமாட்டோம் என்று ரெண்டு பேரும் சொன்னார்கள்.

டென்னிஸ் தரை பற்றி நாம பேசுறதெல்லாம் பந்தைப் பத்தித்தான். புல்லில் வழுக்கித் தாழ்வா வரும். களிமண்ணில் உராய்ஞ்சு வேகம் குறைஞ்சு உயரமா எழும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தரைகளை வேகப்படி 5 வகையாப் பிரிக்கிறதும் பந்து பட்டு எழும் விதத்தை அளந்துதான். ஓடுறவரோட கால் அந்தக் கணக்கில் வராது.

ஆனா களிமண் ஆட்டத்தில் பாதி காலில்தான் இருக்கு. ரோலான் காரோஸில் மேலே இருக்கிற செங்கல் தூள் 1–2 மி.மீ. கனம்தான். அந்தத் தூள்மேல சறுக்கிக்கிட்டே போய், அடிக்கிற நேரத்துக்குச் சறுக்கல் அடங்கி, அடியில இருக்கிற கெட்டித் தரையை உந்தி நடுவுக்குத் திரும்பணும். சறுக்கல் எங்கே நிற்கும்னு முன்கூட்டியே தெரியணும், வித்தையே அதுதான். நீலத் தரையில் சறுக்க முடிஞ்சது, நிறுத்த முடியல. அடிச்சுட்டுத் திரும்பும்போது உந்துற காலே வழுக்குது. கொஞ்சம்தான் தாமதம், அடுத்த பந்தை விட அது போதும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தரைதானே?" ஒரே தரைதான், ஒரே நஷ்டம் இல்லை. பேஸ்லைனுக்குப் பின்னாடி ஓடி ஓடி எதிராளியைக் களைக்க வைக்கிறவருக்குக் காலே மூலதனம். சர்விலும் அடுத்த அடியிலும் பாயிண்டை முடிக்கிறவர் அவ்வளவா இழக்கறதில்லை. மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். காற்று லேசா இருப்பதால் சர்வுக்கு ஏற்கெனவே சாதகம். அந்த வருஷம் ஃபெடரரும் செரீனாவும் பட்டம் வாங்கினதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதனால அந்தப் பட்டங்கள் மலிவுன்னும் சொல்ல மாட்டேன். கிடைச்ச தரைக்கு ஏத்த மாதிரி ஆடினாங்க.

என் வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. விம்பிள்டனில் முதல் வாரப் புல்லும் வழுக்கத்தான் செய்யும், யாரும் தடை கேட்கலையே? ஆனா புல்லுன்னா குட்டிக் குட்டி அடி வைக்கணும்னு தெரிஞ்சே வர்றாங்க. மாட்ரிட் முடிஞ்ச ரெண்டே வாரத்தில் ரோலான் காரோஸ். அதுக்கான ஒத்திகைன்னு நம்பி வந்தவங்களுக்கு, களிமண் பேரில் வேற ஏதோ தரையைக் கொடுத்தாங்க.

2012 ஜூனிலேயே ஏடிபி நீலக் களிமண்ணைத் தடை செய்தது. 2013-ல் செந்தரை திரும்பியது, பட்டம் நடாலுக்கு. அதை என் பக்கச் சாட்சியாச் சேர்க்கல, அவர் களிமண்ணில் ஜெயிக்கிறது செய்தியே இல்ல. வெர்டாஸ்கோ ஆட்டத்தின் கடைசி 5 கேம்களைப் பாருங்க, ஸ்கோரை மறைச்சுட்டு.