எண்ணை யார் எண்ணினார்கள்?

பி.எஸ்சி. புள்ளியியல் படித்தவர்கள் கூடினால் ஒரு புலம்பல் நிச்சயம்: கம்பெனிகளெல்லாம் ஆர், பைதான் மென்பொருள்கள் என்று போய்விட்டன, நம்மைக் கால்குலேட்டரையே தட்ட வைத்துவிட்டார்கள். ஆறு செமஸ்டர் அப்படித் தட்டியவன் நான். எனக்கு இந்தப் புலம்பலில் உடன்பாடு இல்லை. கையால் கணக்குப் போட்டதுதான் அந்தப் படிப்பில் உருப்படியாக நடந்த காரியம்.

4, 7, 10 என்று மூன்று எண்கள். சராசரி 7. விலகல்கள் -3, 0, 3, கூட்டினால் பூஜ்யம். எந்த எண்களை எடுத்தாலும் பூஜ்யம்தான். ஆக, இரண்டு விலகல் தெரிந்துவிட்டால் மூன்றாவது தன்னிஷ்டத்துக்கு இருக்க முடியாது; டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் இரண்டு என்பது இதைத்தான். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 18. அதை 3-ஆல் வகுத்தால் 6, 2-ஆல் வகுத்தால் 9. கூறின் சராசரி அந்தக் கூறுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொள்வதால் விலகல்கள் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரிகின்றன. ஒன்றைக் கழித்துவிட்டு வகுப்பது அதைச் சரிக்கட்டத்தான். மென்பொருள் 9 என்று உடனே சொல்லிவிடும். ஏன் 6 இல்லை என்ற கேள்வி, பென்சிலால் கட்டம் போட்டுக் கணக்கிட்டவனுக்குத்தான் வரும்.

ஆனால் எல்லாப் பாடத்தையும் இப்படிப் படித்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு மதிப்பீட்டின் சிதறல் எதற்குக் கீழே போக முடியாது என்று சொல்லும் கிராமர்–ராவ் சமனிலி எங்களுக்கு ஒரு பெரிய மார்க் கேள்வி, அவ்வளவுதான். நிபந்தனைகளை வரிசை மாறாமல் எழுதினால் பாதி மார்க் உறுதி. அது பிறந்த கதை பிற்பாடுதான் தெரிந்தது. 1940களில் கல்கத்தாவில் சி. ஆர். ராவ் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, பெரிய கூறுகளுக்குப் புள்ளியியலாளர் ஃபிஷர் சொன்னது சிறிய கூறுகளுக்கும் பொருந்துமா என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். கேட்டவர் வி. எம். தாண்டேகர், பின்னாளில் பெயர்பெற்ற பொருளியலாளர். ராவ் அன்றிரவே உட்கார்ந்து நிரூபித்தார். 1945இல் அச்சில் வந்தது. எங்கள் வகுப்பில் அந்தப் பாடத்தின்போது யாரும் வாயைத் திறந்ததாக நினைவில்லை.

தேற்றம் போகட்டும். எண்கள் விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. ரெக்கார்டு நோட்டில் நோக்கம், சூத்திரம், கணக்கீடு, முடிவு. தடுப்பூசி போட்டவர், போடாதவர்; நோய் வந்தவர், வராதவர் என்று நாலு கட்டம். கை-வர்க்க மதிப்பு 3.841-ஐத் தாண்டினால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்ற கருதுகோளை நிராகரிக்க வேண்டும். எந்த ஊர், என்ன நோய், யார் போய் எண்ணினார்கள் என்பதெல்லாம் கணக்கில் கிடையாது. சீனியரின் நோட்டிலும் இதே எண்கள்தான் இருக்கும்.

இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரான பரப்பை மதிப்பிடும்போது எண்ணுகிற ஆளையே சந்தேகித்தவர். ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டு குழுக்களை அனுப்பி, அவர்கள் கொண்டுவந்த கணக்குகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார். எங்கள் கூறெடுப்புத் தாளில் இந்த யோசனைக்கு ஒரு பத்தி இடம் கிடைத்தால் அதிகம். பகலில் கணக்கெடுக்கப் போனால் வேலைக்குப் போனவர்களின் வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் கூறு அங்கேயே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னும் ஆயிரம் வீடு சேர்த்தாலும் அந்தச் சாய்வு நிமிராது; திட்டப்பிழை மட்டும் குறைந்துகொண்டே வந்து பொய்த் தைரியம் கொடுக்கும்.

பைதான் வந்தால் இது சரியாகிவிடுமா? அங்கும் முதல் பாடமாகப் பெரும்பாலும் வருவது ஐரிஸ் பூக்கள்தான். 1936இல் ஃபிஷர் கட்டுரையில் வந்த 150 பூக்களின் அளவுகள். அளந்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். அந்தப் பூக்களை அவர் எங்கே பறித்தார் என்று கேட்காமலே மாணவர்கள் மூன்று இனங்களாக வகைப்படுத்தி முடித்துவிடுகிறார்கள். கால்குலேட்டர் போய்க் கணினி வந்ததே தவிர, எண்கள் இன்னும் வடிகட்டித்தான் வருகின்றன. அறுபது பேர் உள்ள வகுப்பை ஊருக்குள் அழைத்துப்போவது ஆசிரியருக்குச் சிரமம் என்பதும் உண்மைதான். ஆனால் விடுதி மெஸ்ஸில் இன்று எவ்வளவு சாதம் மிஞ்சியது என்று எண்ணப் பஸ் தேவையில்லை.

கடைசி வருடம் எங்களுக்குப் புராஜெக்ட் இருந்தது. மாணவர்களின் செல்போன் பழக்கம் பற்றி நூறு வினாப்படிவம். முப்பதோடு அலுத்துப்போய், மிச்சத்தை நாலு பேர் அறையில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் நிரப்பினோம். கையெழுத்து மாறித் தெரிய வேண்டுமென்று பேனாவை மாற்றி மாற்றி. கை-வர்க்கம் அழகாக வந்தது. வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் எத்தனை என்று மட்டும் கேட்டார். சரியாகச் சொன்னேன்.