கிணற்றுக்குள் யாரைத் தேடினார்கள்?

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் 2004-ல் வெளிவந்தது. அதே வருஷம் அக்டோபர் 18 ராத்திரி தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிரடிப்படையினருக்குத் தலைக்கு மூன்று லட்ச ரூபாய், வீட்டுமனை, பதவி உயர்வு என்று அரசு அறிவித்தது. அந்தக் கொண்டாட்டக் கணக்கில் வராத ஜனங்களின் கதை இந்த நாவல். தீவிரவாத ஒழிப்பு நடவடிக்கைகளில் ‘பொதுமக்கள் சேதத்தைக் குறைப்பது எப்படி’ என்று உலகத்து ராணுவங்கள் பாடம் எழுதுகிற காலத்தில், அந்தப் பாடங்களுக்கு எதிரே வைத்து இதை நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

“வாலாஜாபேட்டையில, ராணிப்பேட்டையில தோல் ஷெட்டுல வேல செய்றவனுக்குக் காட்டுச் சோளகன் கதை இன்னாத்துக்கு?” என்று கேட்கலாம். ஆனால் அந்தக் காட்டுக்குப் போன வேட்டை நம்ம ஜில்லா வழியாகத்தான் போனது. 1980 ஆகஸ்ட் 6-ல் திருப்பத்தூரில் நடந்த குண்டுவெடிப்பில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் காவலர்களும் இறந்தார்கள். எம்.ஜி.ஆர். அரசு வட ஆற்காடு, தர்மபுரி மாவட்டங்களில் நக்சலைட் ஒழிப்பை முடுக்கிவிட்டது. இன்ஸ்பெக்டரின் மகள் பெயரால் அதற்கு ‘ஆபரேஷன் அஜந்தா’ என்று பெயர். ‘மோதல்’ என்ற சொல் நம் பக்கத்துக் கிராமங்களில் பழக்கமானது அப்போதுதான். அந்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய வால்டர் தேவாரம்தான் 1993-ல் வீரப்பன் தேடுதலுக்கான தமிழக அதிரடிப்படைக்கும் தலைமை ஏற்றார்.

நாவலின் பலம் எங்கே இருக்கிறது? போலீஸ் சித்திரவதையை எழுதியதில் மட்டும் இல்லை. முதல் பாதி முழுக்க நிலம் பற்றிய கதை. சோளகன் உழுத மண் வெளியாள் கைக்குப் போகிறது, காட்டுக்குள் நுழைவதே குற்றமாகிறது. அதற்கப்புறம்தான் துப்பாக்கி வருகிறது. மாதி மாதிரிப் பெண்கள் முகாமில் படுகிற பாட்டைப் படிக்கும்போது, இது ஏதோ கோபத்தில் நடந்த அத்துமீறல் இல்லை என்று தெரிகிறது. ஏற்கெனவே உரிமை பறிக்கப்பட்டவன் உடம்பின்மேல்தான் லத்தி அவ்வளவு சுலபமாக இறங்குகிறது.

இனி ‘சேதம்’ என்ற சொல்லுக்கு வருவோம். ராணுவச் சொல்லாடலில் சேதம் என்றால் குறி தவறியது. எதிரியைச் சுடப்போய் பக்கத்தில் நின்றவன்மேல் பட்டது. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். மலையாளிப் பழங்குடிகளின் ஊர். பதினெட்டுப் பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். குடிதண்ணீர்க் கிணற்றைப் பாழாக்கினார்கள். 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்தில் தலித் ஊருக்குள் போலீஸ் புகுந்தது. அங்கேயும் சாமான்களை நொறுக்கிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்தார்கள். வாச்சாத்தி சந்தனக் கடத்தல் விவகாரம், கொடியங்குளம் சாதிக் கலவரம். காரணம் வேறு, செய்முறை ஒன்று. கிணற்றுக்குள் யாரைத் தேடினார்கள்? குறி தவறிக் கிணற்றில் விழுந்ததா விஷம்? இந்த ஊரில் இனி நீ குடியிருக்கக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம்.

‘பொதுமக்கள்’ என்ற சொல்லும் நம்மை விட்டுவிட்டுத்தான் நிற்கிறது. பொதுக் கிணற்றில், பொதுத் தெருவில், பொதுச் சுடுகாட்டில் சேர்க்காதவனை, துப்பாக்கி நீளும்போது மட்டும் ‘பொது’வில் சேர்ப்பானா? சேரிக்காரனும் காட்டுக்காரனும் அவன் ஏட்டில் ‘அடைக்கலம் கொடுத்தவன்’, ‘தகவல் மறைத்தவன்’.

ராணுவப் பாடங்களில் ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது, மறுக்கவில்லை. 2006-ல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட கையேடு, மிதமிஞ்சிய பலத்தைக் காட்டினால் எதிரி பெருகுவான், மக்களைக் காப்பதே வெற்றிக்கு வழி என்றது. வீரப்பன் கதையும் அதற்குச் சாட்சி சொல்லும். 1993 ஏப்ரல் 9-ல் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்த பிறகு ஊர் ஊராக அடித்தார்கள், ஆளை மட்டும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவர் கூட்டத்துக்குள் ஆளை நுழைத்து, ஆம்புலன்ஸ் என்று சொல்லி ஒரு வேனில் ஏற்றித்தான் முடித்தார்கள். அதற்கு எந்தச் சோளகப் பெண்ணின் உடம்பிலும் கரண்ட் பாய்ச்சத் தேவைப்படவில்லை.

ஆனால் இந்த வாதத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. அடித்தும் பயனில்லை என்பதால் அடிக்காதே என்றால், பயன் இருந்தால் அடிக்கலாமா? மலேயாவில் 1950 முதல் பிரிட்டிஷ்காரன் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்து முள்வேலிக் ‘புதுக்கிராமங்களில்’ அடைத்தான். பெரும்பாலும் சீன ஏழைகள். நம்ம ஜில்லாவிலிருந்து கப்பலேறிய ஜனங்களின் தோட்ட லயன்களுக்கும் வேலி வந்தது. அவன் ஜெயித்தான். ஜெயித்ததால் அது இன்றுவரை பாடமாக நடத்தப்படுகிறது. வெற்றியை அளவுகோலாக வைக்கிறவன் கையில் நம் உயிர் எப்போதும் ஒரு கணக்குத்தான். உயிர் உரிமை, உத்தி அல்ல.

நாவலிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. அடிக்கிற கை தெரிகிறது, உத்தரவு எழுதிய கை தெரிவதில்லை. முகாமுக்கு மேலே இருக்கிற ஆபீஸ், கையெழுத்து, கோப்பு எதுவும் பிரதிக்குள் வரவில்லை. அடிபட்டவன் கண்ணால் பார்க்கிற எழுத்து இது, அவனுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அரசு தப்பிப்பதும் அந்த இடத்தில்தான். வாச்சாத்தி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். 19 வருஷம் கழித்து 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தபோதுதான் அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 வருஷம் ஆயிற்று மேலே பார்க்க.

சதாசிவா குழுவின் விசாரணைக்கு அப்புறம் 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் இடைக்கால நிவாரணம் சிபாரிசு செய்தது. சுட்டவருக்கு உடனே மனை, பட்டவர் பல வருஷம் சாட்சி சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இளம் எழுத்தாளர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: அடுத்த நாவல் அந்த ஆபீஸுக்குள் நுழையட்டும். யார் கையெழுத்தில் லாரி கிளம்பியது, கிணற்றைக் கெடுக்கலாம் என்று யார் வாய் திறந்து சொன்னது, யார் வாய் மூடி இருந்தது என்று எழுதுங்கள். சாட்சி சொன்ன பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.