இடைத்தொகுதியும் வாசகர் ஏமாற்றமும்: மார்ட்டினின் 'எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்' குறித்து ஒரு நோக்கு

தொடர்நிலையாக வெளிவரும் புதினங்களில் இடைத்தொகுதிக்குத் தொடக்கத்தின் புதுமையும் இல்லை. முடிவின் நிறைவும் இல்லை. அதனை வாசகர் எவ்வாறு ஏற்கின்றனர் என ஆராய, அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் மிகுபுனைவுத் தொடரின் நான்காம் தொகுதி தக்கதொரு சான்றாகும். ஏழு தொகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடரில் இது நட்டநடுவில் நிற்கிறது. மூன்றாம் தொகுதி 2000 இல் வெளிவந்தது. ஐந்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2005 இல் வந்த இந்நூல் விற்பனையில் முதலிடத்தை எட்டியது. ஆயினும் காத்திருந்தோருள் பலர் இதனைக் குறைகூறவே செய்தனர்.

அதற்கான காரணத்தை நூலாசிரியரே இறுதிக் குறிப்பில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். கையெழுத்துப்படி ஒரு நூலில் அடங்காத அளவு பெருகியதால் கதையைக் காலத்தால் பிரிக்காமல், களத்தாலும் மாந்தராலும் அவர் பிரித்தார். அதனால் வாசகர் பெரிதும் விரும்பிய டிரியன், ஜான் ஸ்நோ, டெனேரிஸ் ஆகிய மூவரின் நோக்கில் இந்நூலில் ஓர் இயல்கூட இல்லை. அவர்களுக்குரிய இடத்தில் இரும்புத் தீவினரும் டோர்ன் நாட்டினரும் புதிதாக நுழைகின்றனர். எஞ்சிய பகுதி அடுத்த ஆண்டே வருமென்ற நம்பிக்கையையும் அக்குறிப்பில் காண்கிறோம். அது வந்ததோ 2011 இல்.

வாரந்தோறும் திங்கள்தோறும் பகுதிகளாகப் படித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகர், அதே புதினத்தை முழுநூலாகப் படித்தோரைவிட அதனை உயர்வாக மதித்ததுண்டு என்பார் ஜெர்மானியத் திறனாய்வாளர் வோல்ஃப்காங் ஈசர். இடைவெளி வாசகரின் கற்பனையைத் தூண்டுகிறது என்பது அவர் விளக்கம். ஆனால் அவ்விடைவெளி ஐந்தாண்டாக நீளுமாயின் யாது நிகழும்? வாசகர் தம் மனத்தில் வேறொரு நான்காம் தொகுதியையே எழுதி முடித்துவிடுகின்றனர் என நாம் கருதுகிறோம். அச்சில் வந்த நூல் அதனோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

மிகுதியாகக் கண்டிக்கப்பட்ட பகுதி பிரியன் என்னும் பெண்வீரரின் பயணமாகும். சான்சாவைத் தேடி அவர் ஊர் ஊராக அலைகிறார். சான்சா அங்கெல்லாம் இல்லை என்பது வாசகருக்கு முன்னரே தெரியும். "எதுவும் நடக்கவில்லை" என்னும் குறைபாடு இதனின்றே எழுந்தது. தேடல் வெற்றிபெறாது என அறிந்துவிட்ட வாசகருக்கு, வழியைப் பார்ப்பதன்றி வேறு வேலையில்லை. எரிந்த ஊர்களும் படையைவிட்டு ஓடிக் கொள்ளையராகிய உழவர்களும் அவ்வழியில் எதிர்ப்படுகின்றனர். வெறுங்காலுடன் ஊர்சுற்றும் மெரிபால்ட் என்னும் சமயத்துறவி, சிறுவயதில் தாமே போருக்குச் சென்று திரும்பியவர். எளிய மனிதன் படையாளாகி, உற்றாரை இழந்து, பசியால் விலங்காகும் படிநிலைகளை அவர் விரித்துரைக்கும் இடம் இத்தொடரிலேயே மிகச் சிறந்த பகுதி என்பது நம் மதிப்பீடு. முந்தைய தொகுதிகள் போரைக் காட்டின; இது போர் விட்டுச்சென்றதைக் காட்டுகிறது. நூலின் பெயரிலுள்ள காகங்களும் போர்க்களத்துக்குப் பின்னர் வருபவைதாமே.

எனினும், இதனைக் கொண்டு நூலின் அமைப்பு முழுவதையும் நியாயப்படுத்தல் ஆகாது. டோர்ன் நாட்டுச் சூழ்ச்சியும் இரும்புத் தீவினரின் கடற்பயணமும் இத்தொகுதிக்குள் நிறைவு காண்பதில்லை. பிரியனைத் தூக்குக்கயிற்றில் விட்டு அவர் கதை நின்றுவிடுகிறது. நூலின் பருமன் கருதிச் செய்த பிரிப்பைக் கலைநோக்கம் எனப் போற்றுவது திறனாய்வாகாது.

2011 க்குப் பின் இந்நூலின் மதிப்பு உயர்ந்தது. வாசகர் சிலர் நான்காம் ஐந்தாம் தொகுதிகளின் இயல்களைக் காலவரிசையில் கலந்து படிக்கலாயினர். "முதலில் தவறாகப் படித்தோம்" என்போரும் அவருள் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மறுவாசிப்பில் மகிழ்ந்தோர் அடுத்த தொகுதியைக் கையில் வைத்திருந்தனர்; செர்சியின் சிறைவாசம் எவ்வாறு தொடர்கிறது என்பதை ஒரு பக்கம் புரட்டி அறிந்துகொள்ள அவர்களால் முடிந்தது. 2005 இன் வாசகருக்கு அவ்வசதி இல்லை. இந்நூலை வகுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், மாணவர் சலிப்புறும் இயலின் பக்க எண்ணை முதலில் குறித்துக்கொள்ளச் செய்து, பின்னரே மெரிபால்டின் பேச்சுக்கு வருவது நன்று.