கே-ஃபோன் வீட்டு இணைப்பு: மின்கம்பத்திலிருந்து கைபேசி வரை

2023 ஜூன் 5 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கி வைத்த கே-ஃபோன், மாநில மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாக ஒளியிழைகளைக் கொண்டு சென்று வீடுகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் இணையம் தரும் வலையமைப்பு ஆகும். சாலையைத் தோண்டாமல் இழையை வீட்டு வாசல் வரை கொண்டுவர முடிவதால், காயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கும் கொச்சியின் பள்ளுருத்தி போன்ற பகுதிகளுக்கு இந்த முறை பொருந்துகிறது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவது இதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. மற்றவர்களுக்கென 2023-இல் அறிவிக்கப்பட்ட திட்டங்களில் மாதம் 299 ரூபாய்க்கு, நொடிக்கு 20 மெகாபிட் வேகமும் 3,000 ஜிபி தரவும் தரும் தொடக்கத் திட்டமும், அதனுடன் வீட்டுச் சுவரில் மாட்டப்படும் ஒளியிழை மோடமும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

மோடத்தைப் பொருத்துவதில் முதலில் கவனிக்க வேண்டியது இழையின் முனை. பச்சை நிற முனையின் முகம் 8 பாகை சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால், அதை நேர்முகம் கொண்ட நீல முனையோடு இணைத்தால் ஒளியின் பெரும்பகுதி வீணாகும். இழையைச் சுவர் மூலையில் கூர்மையாக மடித்தாலும் இழப்பு கூடும். பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ‘பான்’ என்ற பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் மோடம் நிலையத்தோடு பதிவாகிக்கொண்டிருக்கிறது என்றும், நிலையாக எரிந்தால் பதிவு முடிந்துவிட்டது என்றும் கொள்ளலாம். இந்த இரண்டு விளக்குகளைப் படிக்கத் தெரிந்தவர், பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதைப் புகார் எண்ணை அழைக்கும் முன்பே ஓரளவு கணித்துவிடலாம்.

வீட்டு ஒளியிழை இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், ஒரே இழை வழியாகத் தரவு இரு திசையிலும் ஒரே நேரத்தில் செல்கிறது; வீட்டுக்கு வரும் ஒளிக்கு 1,490 நானோமீட்டரும் வீட்டிலிருந்து செல்லும் ஒளிக்கு 1,310 நானோமீட்டரும் அலைநீளமாக இருப்பதால் அவை மோதிக்கொள்வதில்லை. தெருவில் உள்ள பகுப்பான் மின்சாரம் இல்லாமலே அந்த ஒளியை வழக்கமாக 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. எனவே வரும் தரவு எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறது; ஒவ்வொரு மோடமும் தனக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ள, அண்டை வீட்டார் படிக்காதபடி தரவு மறையாக்கம் செய்யப்படுகிறது. எதிர்த்திசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி நேரத்துண்டு ஒதுக்கப்படுகிறது. ஜிபான் இழை வீடுகளை நோக்கிச் சுமக்கும் நொடிக்கு 2,488 மெகாபிட்டை 32 வீடுகளும் ஒரே கணத்தில் சமமாகப் பங்கிட்டாலும், தலைக்கு ஏறத்தாழ 78 மெகாபிட் கிடைக்கும். ஆகவே 20 மெகாபிட் திட்டத்தில் நெரிசல் ஏற்பட்டால், தெருப் பகுப்பானைச் சந்தேகிப்பதற்கு முன் வேறிடங்களைப் பார்க்க வேண்டும்.

விளம்பர வேகம் பிட்டுகளில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவோ பைட்டுகளில் உள்ளது. 8 பிட்டுகள் ஒரு பைட் என்பதால், 20 மெகாபிட் வேகத்தில் நொடிக்கு 2.5 மெகாபைட் இறங்கும். அந்த வேகத்தில் இடைவிடாமல் இறக்கினாலும் 3,000 ஜிபி தீர ஏறத்தாழ 14 நாள்கள் ஆகும் என்பதால், சாதாரணக் குடும்பத்துக்கு இந்த வரம்பு தாராளமானது. வேகத்திலிருந்து வேறானது தாமதம், அதாவது ஒரு பொட்டலம், சிறு தரவுத்துண்டு, சென்று திரும்பும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 700 கிலோமீட்டர் பாதைக்குச் சென்று திரும்ப 7 மில்லிநொடிக்குக் குறையாது; எந்தத் திட்டம் வாங்கினாலும் இது மாறாது. கொச்சிக் கடற்கரையில் ‘ஸேஃப்’ போன்ற கடலடிக் கம்பிவடங்கள் கரையேறினாலும், காணொளி அழைப்பின் இழுபறியைத் தீர்மானிப்பது பயனர் அணுகும் சேவையகம் எங்கே இருக்கிறது என்பதும், பொட்டலங்கள் எந்த வழியாகச் செல்கின்றன என்பதும்தான்.

இந்த இணைப்பின் பலவீனமான பகுதி, வீட்டுக்குள் உள்ள கடைசிப் பத்து மீட்டர் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்சு அலை சுவர்களைத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று கலவாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே இருப்பதால், நெருக்கமான குடியிருப்பில் பக்கத்து வீட்டு மோடங்கள் இடையூறாகும். 5 கிகாஹெர்ட்சு அலையில் இடையூறு குறைவு என்றாலும், வெட்டுக்கல் சுவர் அல்லது கான்கிரீட் குறுக்கிட்டால் வலுவும் விரைவாகக் குறையும். மோடத்தை வாசல் மூலையில் விடாமல் வீட்டின் நடுவில் உயரமாக வைப்பதும், தொலைக்காட்சியையும் மேசைக் கணினியையும் கம்பியால் இணைப்பதும் இதற்குச் சிக்கனமான தீர்வு.

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொடர்பகத்திலிருந்தே மின்சாரம் வந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மின்வெட்டில் மோடம் அணைந்துவிடும். அதே காரணத்தால் இடி மின்னலின் அதிர்வு இழை வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. கொச்சியின் மழைக்காலத்தில் இணைப்பு அறாமலிருக்க விரும்புவோர், மோடத்தின் மின்னழுத்தத்துக்கு ஏற்ற சிறு யுபிஎஸ் ஒன்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

இணையவழி வகுப்பு, காணொளி அழைப்பு, ஓரிரு படங்கள் என்ற பயன்பாட்டுக்கு இத்திட்டம் கொடுத்த விலைக்குப் போதுமானது; பெரிய கோப்புகளை அடிக்கடி அனுப்பும் வீட்டுத் தொழிலுக்குப் போதாது. உயர்ந்த திட்டத்துக்கு மாறும் முன், மோடத்தில் கம்பியால் இணைத்த கணினியில் ஒருமுறை வேகத்தை அளந்து பார்ப்பது நல்லது. அங்கே 20 மெகாபிட் கிடைத்தும் படுக்கையறையில் கிடைக்காவிட்டால், கூடுதல் கட்டணம் எதையும் சரிசெய்யாது.